முதற் சலங்கை

ஒரு கலையைப் பயிலத் தொடங்குவார்க்கு அக்கலையின்மேல் எழும் ஆசையினும் அதற்குரிய கருவியின்மேல் எழும் ஆசையே முற்பட்டு நிற்றல் இயல்பு. ஓவியம் பயில விழைவான் வண்ணப் பெட்டியைக் கண்டு மகிழ்வான். வீணை பயில விழைவாள் அதன் யாளி முகத்தைத் தடவி இன்புறுவாள். அங்ஙனமே, பரதம் பயிலப் புகும் சிறுமி முதன் முதலாகக் கேட்பது சலங்கையையே. ‘எனக்கு எப்பொழுது சலங்கை வாங்குவீர்கள்?’ என்னும் அவளது வினாவிற்கு விடை கூற இயலாது பெற்றோர் இடர்ப்படுகின்றனர். சிலர் அன்பு மிகுதியாற் பெரியதொன்றை வாங்கிவிடுகின்றனர். சிலர் செலவிற்கு அஞ்சி ஏதோ ஒன்றை வாங்குகின்றனர். இவ்விரண்டும் குழந்தையின் காலுக்கும் கலைக்கும் கேடாய் முடிதல் கூடும். ஆதலின், இளஞ்சிறார்க்கு முதற் சலங்கையை எப்பொழுது, எவ்வாறு தெரிந்து வாங்குதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு நாஞ்சில் நாட்டுத் தோவாளையை நிலைக்களமாகக் கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடையுமுன் அமைந்துள்ளது இவ்வூர். இதன் பூச்சந்தையை அறியாதார் இலர். பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் விடியற்காலையில் இங்கு வந்து குவிந்து, கேரள நாட்டிற்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன. பூக்கட்டி வாழும் இவ்வூர்க் குடும்பமொன்றில் ஆறு அல்லது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடல் பயில விரும்புகின்றாள் என்று கொள்வோம். அவள் வீட்டார்க்குச் சலங்கையின் விலை பல நாள் உழைப்பின் பயனாகும். அவர்கள் பிழையின்றித் தெரிவு செய்தற்கு வேண்டுவன யாவை என்பதே நம் வினா.

சலங்கை என்பது யாது?

சலங்கை, சதங்கை, கிண்கிணி, சிலம்பு, கழல் என்னும் காலணிகளை ஒன்றாகவே மயங்குவாரும் உளர். சிலம்பு என்பது உட்டுளையுள்ள வளையம். அதனகத்தே பரல்கள் இடப்பட்டிருக்கும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரலும் பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரலும் இருந்தமையே ஒரு காப்பியத்தின் வழக்கைத் தீர்த்தது என்பதை நாம் அறிவோம். கழல் வீரர்க்குரியது. கிண்கிணி குழந்தைகளின் கால்களில் ஒலித்ததாகப் புலவர் பலரும் பாடியுளர். சலங்கையோ சிறுமணிகள் பலவற்றை ஒருங்கே கோத்தோ தைத்தோ அமைப்பது. ஒவ்வொரு மணியும் உட்குழிவுடைய சிறு உருண்டை. அதன் அடியிற் பிளவு ஒன்று உண்டு. உள்ளே இரும்புப் பரல் ஒன்று தடையின்றி உருளும். கால் அசைய, பரல் சுவரில் மோதி ஒலி எழுப்பும். அவ்வொலி பிளவின் வழியே வெளிப்படும். சலங்கையின் இயக்கம் முழுவதும் இவ்வளவே.

நந்திகேசுவரர் இயற்றியதாகக் கூறப்படும் அபிநய தர்ப்பணம் என்னும் வடநூல் ஆடுவார்க்குரிய மணிகளின் இலக்கணத்தையும் கூறுகின்றது. அவை வெண்கலத்தாற் செய்யப்பட்டு இன்னொலி உடையனவாய், வடிவிற் சிறந்தனவாய், நீல நூலில் இடையிடையே முடிச்சிட்டுக் கோக்கப்பட்டனவாய் இருத்தல் வேண்டும் என்பதும், ஒரு காலுக்கு நூறு அல்லது இருநூறு மணிகள் வேண்டும் என்பதும் அந்நூலின் கருத்து. இந்நூலை ஆனந்த குமாரசுவாமி அவர்கள் துகிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்விலக்கணத்தைக் கண்ட சிலர், மணி மிகுதியே சிறப்பு என எண்ணிக் குழந்தைக்கும் நூறு மணி தேடுவர். நூலாசிரியர் இலக்கணம் கூறியது முற்றப் பயின்று அரங்கேறிய ஆடன் மகளிர்க்கேயன்றித் தொடக்க மாணவிக்கு அன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மேனாட்டார் காலணியும் நம் சலங்கையும்

காலின் ஒலியையே கலையாக்கியோர் நம்மவர் மட்டும் அல்லர். அமெரிக்க நாட்டில் ‘டாப்’ நடனம் என்றொன்று உண்டு. அந்நாட்டிற்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் ஆடலும், அங்குக் குடியேறிய ஐரிஷ் மக்களின் ஆடலும் கலந்து அது பிறந்தது. அதனை ஆடுவோர் தம் காலணியின் முன்புறத்தும் குதிப்புறத்தும் உலோகத் தகடுகளைப் பொருத்திக்கொள்வர். கறுப்பினக் கலைஞராகிய பில் ராபின்சன் மரத்தாலாய அடியையுடைய காலணியையே விரும்பி அணிந்தார். 1935-இல் வெளிவந்த திரைப்படமொன்றில், சிறுமியாயிருந்த ஷெர்லி டெம்பிளுடன் அவர் படிக்கட்டுகளில் ஏறியும் இறங்கியும் ஆடிய ஆடல் பெரும்புகழ் பெற்றது.

இவ்விரு கருவிகட்கும் உள்ள வேற்றுமையை அறிதல் நமக்குப் பெரிதும் பயன்படும். டாப் நடனத்திற் காலணியின் தகடே தரையைத் தாக்கி ஒலிக்கின்றது. தகடு இன்றேல் அவ்வொலி இல்லை. பரதத்திலோ தரையைத் தாக்குவது வெறும் உள்ளங்கால். அதுவே தாளத்தைச் சொல்லுகின்றது. கணைக்காலிற் கட்டிய மணி அக்காலின் செயலுக்குச் சான்று கூறுகின்றது. எனவே, மேனாட்டுக் காலணியை ஆட்டத்தின் வாய் என்றால், நம் சலங்கையை ஆட்டத்தின் சாட்சி எனலாம். சாட்சிக்கு வேண்டுவது உரத்த குரல் அன்று, உண்மையே. கால் நேராக விழுந்தால் நேராகவும், பிறழ்ந்து விழுந்தாற் பிறழ்ந்தும் ஒலிப்பதே நல்ல சலங்கை. முதற் சலங்கையைத் தெரிதற்குரிய விதிகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கும்.

எப்பொழுது கட்டுதல் தகும்?

சேர்ந்த அன்றே சலங்கை கட்டுதல் தகாது. பரதத்தின் முதற்பாடம் அரைமண்டியில் நின்று தட்டடவு பயிலுதல். பின்னர் நாட்டடவு முதலியன வரும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களிற் பிழையின்றிச் செய்யப் பழகுதல் வேண்டும். இவ்வரிசை முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். அவருள் வடிவேலு, நம் நாஞ்சில் நாடு அந்நாளில் அடங்கியிருந்த திருவிதாங்கூரின் மன்னராகிய சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தவர். இங்ஙனம் அடவின் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையதே.

தட்டடவு பயிலும் நாளில் ஆசிரியர் கேட்க விரும்புவது குழந்தையின் உள்ளங்கால் தரையில் முழுமையாகப் படும் ஓசையை. பாதம் முழுதும் ஒருங்கே விழுந்தால் ஓர் ஓசை. குதிகால் முந்தினால் வேறோர் ஓசை. மணியின் கலகலப்பு இவ்வேற்றுமையை மறைத்துவிடும். குழந்தையும் தன் கால் சரியாக விழாதபோதும் மணி ஒலிப்பதைக் கேட்டுத் தான் நன்கு ஆடுவதாக மயங்குவாள். சாட்சியைப் பயன்படுத்தற்கு முன், சாட்சி கூறத்தக்க செயல் ஒன்று அமைதல் வேண்டுமன்றோ?

சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். ஏழு வயதில் அரங்கேறியோரும் உளரே எனின், உண்மை. பாலசரசுவதி அம்மையார் 1925-இல் காஞ்சிபுரத்தில் அவ்வயதிலேயே அரங்கேறினார். ஆயினும், அவர் தலைமுறை தலைமுறையாக இசையும் ஆடலும் வளர்ந்த குடியிற் பிறந்து, கந்தப்ப பிள்ளை என்னும் பேராசிரியரிடம் நாள்தோறும் பயின்றவர். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது மட்டுமே பயிலும் சிறுமிக்கு அவரை அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அடவுகள் இரண்டாம் காலத்தில் தடுமாற்றமின்றி வரும்பொழுது ஆசிரியரே ‘இனிச் சலங்கை வாங்கலாம்’ என்பார். அச்சொல் வருமளவும் பொறுத்தலே பெற்றோர் கடன்.

குழந்தையின் கால்

காத்திருத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. குழந்தையின் பாதத்து எலும்புகள் பிறந்த நாளிலேயே முற்றியவை அல்ல. அவற்றுட் பல பகுதிகள் குருத்தெலும்பாயிருந்து, பதின்பருவத்திலேதான் முழுதும் எலும்பாகின்றன. மேனாட்டுப் பாலே நடனத்தில், விரல்நுனியில் நிற்றற்குரிய காலணியைச் சிறு குழந்தைகட்கு அணிவியாது, கால் வலுப்பெறும் பருவம் வரை ஆசிரியர்கள் காத்திருப்பதும் இக்கருத்துப் பற்றியே. கனத்த சலங்கையைக் கட்டிக் காலைத் தூக்கித் தூக்கித் தட்டும்போது, அக்கனம் முழுதும் கணைக்காலின் மெல்லிய மூட்டினைச் சாருகின்றது. குழந்தை களைத்தவுடன் அரைமண்டி உயரும், முதுகு வளையும், பின்னர் அப்பிழைகளே பழக்கமாகிவிடும்.

பயிலும் தரையையும் நோக்குதல் வேண்டும். சாணமிட்டு மெழுகிய மண்தரையும் மரத்தளமும் அடியைச் சிறிது தாங்கிக்கொள்ளும். சிமெந்துத் தரையும் வழுவழுப்பான ஓட்டுத் தளமும் தாக்குதலைக் காலுக்கே திருப்பி அனுப்பும். இக்காலத்து வீடுகளிற் பெரும்பாலும் பின்னவையே உள்ளமையின், சலங்கையின் கனத்தைக் குறைத்தல் பின்னும் இன்றியமையாததாகின்றது. பயின்ற பின் குதிகாலோ முழங்காலோ நாள்தோறும் நோவதாகக் குழந்தை கூறின், அதனைச் சோம்பல் என்று கடியாது, பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

தெரியும் முறை

இனி, கடையில் நின்று நோக்கத்தக்கவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவாம்.

முதலாவது, மணியின் ஒலி. மணிகள் பித்தளையாலோ வெண்கலத்தாலோ அமைந்தனவாயிருத்தல் நன்று. மெல்லிய தகட்டில் முலாம் பூசியவை நாளடைவில் நசுங்கி ஊமையாகிவிடும். சலங்கையைக் கையிற் பிடித்து ஒரே முறை அசைத்து நிறுத்துக. ஒலி தெளிவாய் எழுந்து விரைவில் அடங்குதல் வேண்டும். நிறுத்திய பின்னும் நெடுநேரம் கலகலவென ஒலிப்பது விரைந்த நடையில் ஓர் அடியின் ஒலியை அடுத்த அடியின் ஒலியோடு குழப்பிவிடும். விரலால் மணிகளைத் தனித்தனியே தட்டிப் பார்த்து, பரல் சிக்கியிருப்பவற்றைக் கண்டறிக. பிளவின் விளிம்பு கூராயிருப்பின் அது மற்றைக் காலைக் கீறும்.

இரண்டாவது, மணிகளின் எண். தோற்பட்டையில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வரிசையாக மணிகளைத் தைத்து விற்பர். தொடக்கத்திற்கு இரண்டு வரிசை போதும். மூன்றிற்கு மேற்படுதல் வேண்டா. வடநாட்டுக் கதக் நடனத்தார் மணிகளைக் கயிற்றிற் கோத்துக் காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவர். அவர்களும் மாணாக்கர்க்குக் குறைந்த மணிகளையே முதலில் அளித்துப் பயிற்சி ஏற ஏறக் கூட்டுவர்.

மூன்றாவது, பட்டையும் வாரும். தோல் மெல்லியதாயும் வளைவதாயும், உட்புறம் துணியோ வெல்வெட்டோ வைத்துத் தைத்ததாயும் இருத்தல் வேண்டும். தையல் முடிச்சுகள் உட்புறத்தே நீட்டிக்கொண்டிருப்பின் குழந்தையின் மெல்லிய தோல் புண்படும். இரண்டு வார்களும் உறுதியான பக்கிள்களும் உள்ளது ஆடும்போது கீழிறங்காது.

நான்காவது, அளவு. சலங்கை கணுக்கால் எலும்பிற்கு மேலே அமர்தல் வேண்டும். எலும்பின்மேல் உராய்தல் ஆகாது. கட்டிய பின் உட்புறத்தே ஒரு விரல் நுழையுமளவு இடமிருத்தல் நன்று. ‘வளரும் பிள்ளைதானே’ என்று பெரியதாய் வாங்குதல் நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அவ்வழக்கம் பொருந்தும், சலங்கைக்குப் பொருந்தாது. தளர்ந்த சலங்கை காலுக்குப் பின்னரே ஒலிக்கும். அஃதாவது சாட்சி பொய் கூறும். வார்களில் துளைகள் பலவுள்ளதை வாங்கின், கால் வளர வளர நெகிழ்த்திக் கட்டலாம்.

ஐந்தாவது, தையல். இதனைத் தோவாளையார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பூக்களை நாரில் தொடுப்பவர், ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனியே முடிச்சிடுவர். ஒரு பூ உதிரினும் சரம் அவிழ்வதில்லை. மணிகளையும் அவ்வாறே தனித்தனி முடிச்சிட்டுத் தைத்திருத்தல் வேண்டும். ஒரே நூலை ஓடவிட்டுத் தைத்ததாயின், ஒரு மணி அற்றவுடன் வரிசை முழுவதும் கழன்று சிதறும். சிதறிய மணியை வெறுங்கால் மிதித்தால் ஊறு நேரும். முடிச்சிட்டுக் கோத்தல் வேண்டும் என்ற வடநூலாரின் விதியும் பூத்தொடுப்பாரின் கைப்பழக்கமும் ஒன்றாயிருத்தல் வியப்பன்றோ?

ஆறாவது, இரு கால்களின் ஒப்பு. வலக்காற் சலங்கையும் இடக்காற் சலங்கையும் எடையிலும் ஒலியிலும் ஒத்திருத்தல் வேண்டும். அவற்றை மாறி மாறி அசைத்துக் கேட்டாற் செவியே தீர்ப்புக் கூறும்.

பெருஞ்சலங்கை பற்றிய மயக்கம்

நம் பகுதிக் குழந்தைகள் சலங்கையை முதன் முதல் காண்பது பெரும்பாலும் கோயிற் கொடை விழாக்களில். கணியான் கூத்தில், மகுடம் முழங்க, பெண் வேடமிட்ட ஆடவர் காலிற் சலங்கை கட்டி ஆடுகின்றனர். வில்லுப்பாட்டிலோ வில்லின் கதிரிலேயே மணிகள் தொங்கி, வீசுகோல் படுந்தோறும் ஒலிக்கின்றன. இவற்றைக் கண்ட பெற்றோர், ‘சலங்கை என்றால் ஊர் முழுதும் கேட்க வேண்டாவா?’ என்று கருதுதல் இயல்பே. ஆயின், அக்கலைஞர் திறந்த வெளியில், இரவு நெடுநேரம், மகுடத்தின் முழக்கிற்கு ஈடாக ஆடுவோர். பயின்று உரமேறிய கால்களை உடையோர். நம் சிறுமியோ ஒரு சிற்றறையில், ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டும் ஓசைக்கேற்ப அடியெடுத்து வைப்பவள். இடத்திற்கும் காலுக்கும் ஏற்ற ஒலியே ஒலி.

மற்றொரு மயக்கம் அணிகலன் பற்றியது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியிற் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. செவ்விய கற்கள் பதித்த அவற்றைப் பரத நாட்டியக் கலைஞர் விரும்பி அணிகின்றனர். இத்தகைய கைத்திறன் நம் அருகிலிருத்தல் பெருமையே. எனினும், முதலாண்டிலேயே நகைக்கும் பட்டிற்கும் பணம் செலவிட்டு, ஆசிரியரின் மாதக் கட்டணத்திற்கு இல்லையென்று குழந்தையை இடையில் நிறுத்துதல் இரங்கத்தக்கது. உறவினர் வீட்டிலோ பயின்று முடித்த மூத்த மாணவியிடமோ சிறிய சலங்கை இருப்பின், அதனைப் பெற்று, பட்டையை மாற்றி மணிகளைப் புதிதாகத் தைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. பட்டை பழுதாவதே விரைவு. நல்ல மணியோ பலர் காலுக்கு உழைக்கும்.

கிறிஸ்தவக் குடும்பத்தார் வினா

நம் கல்லூரி அன்பர் சிலர், ‘கிறிஸ்தவக் குழந்தை சலங்கை கட்டலாமா?’ என்று வினவுவர். இவ்வினா வெறுப்பினால் எழுந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. ஆடலைத் தம் வாழ்வாக்கிக் காத்த தேவதாசியரைச் சமுதாயம் இழிவாக நடத்தியமையும், அம்முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோர் பாடுபட்டமையும், 1947-இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தமையும் யாவரும் அறிந்தனவே. இதற்கிடையில், 1935-இல் ருக்மிணி தேவி அம்மையார் மேடையில் ஆடியதும், 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும், எக்குடிப் பெண்ணும் இக்கலையைப் பயிலலாம் என்னும் நிலைக்கு வழிகோலின. வழியைப் பிறர் திறந்தனர். கலையைக் காத்தளித்தோர் அம்மகளிரும் நட்டுவனாருமே என்பதை மறத்தல் நன்றியன்று.

வேதாகமத்தில் ஆரோனின் அங்கித் தொங்கலிற் பொன்மணிகள் கட்டப்பட்டமை யாத்திராகமத்திற் கூறப்பட்டுள்ளது. மிரியாமும் தாவீதும் ஆண்டவர்முன் ஆடிய செய்தியும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி இயற்றி, ஆடற்குரிய இலக்கிய வகையொன்றையே கிறிஸ்துவின் புகழுக்கு ஆக்கினார். திருச்சிராப்பள்ளியில் 1977-இல் தோன்றிய கலைக்காவிரி என்னும் கத்தோலிக்க நிறுவனம் பரதத்தைப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கின்றது. எனவே, மணியின் ஒலியில் மதத் தடை ஒன்றும் இல்லை. சலங்கையை முதன்முறை கட்டும்போது பூசை செய்வது ஆசிரியர் பலரின் வழக்கம். அதுபற்றி முன்னரே பணிவுடன் ஆசிரியரிடம் உரையாடி, அவர் மரபிற்கு இழுக்கின்றியும் தம் மனச்சான்றிற்கு ஊறின்றியும் செய்வதை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர் கையினின்று வணங்கிப் பெறுதலும் வீட்டில் வேண்டுதல் செய்து கட்டுதலும் எவர்க்கும் பொருந்துவன.

பேணும் முறை

நம் மாவட்டம் இரு பருவமழையும் பெறுவது. ஈரத்திலே தோற்பட்டை பூசணம் பிடிக்கும், மணியும் களிம்பேறும். பயின்ற பின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, துணிப்பையில் இடுக. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்துத் தளர்ந்த தையலை உடனே முடிக. இதனைக் குழந்தையே செய்யப் பழக்குதல் நலம். தன் கருவியைத் தானே பேணுபவள் அதன் ஒலியையும் கூர்ந்து கேட்பாள்.

நண்பர்காள்! உங்கள் இல்லத்துச் சிறுமி நாளை சலங்கை கேட்பாளாயின், ‘இல்லை’ என்று அவள் ஆசையை அவித்துவிடாதீர். ‘இதோ’ என்று ஐந்து வரிசை மணியை அவள் மெல்லிய காலிற் பூட்டியும் விடாதீர். ‘உன் கால் பேசப் பழகட்டும், அதற்குச் சாட்சி பின்னர் வரும்’ என்று கூறுமின். ஆசிரியர் சொல்லும் நாளில் சிறியதும், எளியதும், காலோடு பொருந்தியதும், உண்மை ஒலிப்பதுமாகிய ஒன்றைத் தேர்ந்து கொடுமின். மணிகள் சிலவேயாயினும் அவை சரியான காலத்தில் ஒலிக்குமாயின், அதுவே அவள் கற்ற கலைக்குப் போதிய சான்றாகும்.